உப்புத்தாள் தின்ற ஸ்கோர்!

பாட்டி வீட்டுப் பரண்ல என்ன இருக்கும்? பித்தளை அண்டா, கால் உடைஞ்ச ஸ்டூல், யாரோட கல்யாணத்துக்கோ வந்த சுவர்க் கடிகாரம்... எங்க பாட்டி வீட்டுப் பரண்ல ஒரு கிரிக்கெட் பேட் இருந்தது!

செகண்ட் இயர் படிக்கும்போது பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிச்சோம். கோணிப்பைக்குள்ள இருந்து எட்டிப் பார்த்துச்சு. கிரிப்பைத் தொட்டா தார் மாதிரி கையில ஒட்டுது. கைப்பிடி நூல் பிரிஞ்சு தொங்குது. அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். ''உங்க மாமாவோடதுடா. தூக்கிப் போட மனசு வரல''ன்னாங்க பாட்டி.

மாமா இப்போ ஷார்ஜாவுல இருக்கார். தொண்ணூறுகள்ல எங்க மாவட்ட லீக்ல ஓப்பனிங் ஆடினவர். பேட் இங்கிலீஷ் வில்லோ. தனி ஆளா வாங்கக் கட்டுப்படியாகாம மொத்த டீமும் காசு போட்டு வாங்கினது. டீம் கலைஞ்சப்போ மாமாகிட்ட தங்கிடுச்சு. ஏப்ரல்ல அவர் லீவுக்கு வரும்போது பளபளன்னு கையில கொடுத்து அசத்தணும்னு முடிவு பண்ணேன். சர்ப்ரைஸ் ஆச்சே... அதனால அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. அங்கேதான் வினையே!

முதல்ல ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து அளந்து பார்த்தேன். லேப் வெர்னியர் காலிப்பர் அன்னிக்குத்தான் முதல் தடவையா உருப்படியான வேலை செஞ்சது. பேட்டோட விளிம்பு 18 மில்லிமீட்டர். இந்தக் காலத்து பேட்டுங்க ஓவரா தடிச்சுப் போய்தான் 2017-ல விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு விதியே கொண்டுவந்தாங்க. அதாவது, இப்போ ஆடுறவங்களுக்கு இதுல பாதி மட்டும் கொடுத்துப் பாருங்க... எட்ஜ் வாங்கி சிக்ஸர் போறதெல்லாம் நடக்காது!

பேட்ல கைப்பிடியும் பலகையும் ஒரே மரம் இல்லை, தெரியுமா? கைப்பிடி பிரம்பு. நடுவுல ரப்பர் பட்டை வச்சு ஒட்டியிருப்பாங்க, அதிர்வு கைக்கு வராம இருக்க. பலகையில 'வி' வடிவத்துல வெட்டி, கைப்பிடியை அதுல சொருகிப் பசை போட்டிருக்கும். அந்த ஜாயின்ட் ஆடுச்சுன்னா பேட் காலி. எங்க தெரு ஆசாரி அண்ணன் பேட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்த்துட்டு, ''பூட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி... விரிசலை மட்டும் பார்த்துக்க''ன்னார். விரிசலுக்குள்ள மரப்பசையை இறக்கி, கிழிஞ்ச சைக்கிள் டியூபை இழுத்துச் சுத்தி ஒரு நாள் முழுக்கக் கட்டி வச்சேன். கிளாம்ப் எல்லாம் எதுக்கு பாஸ்?

அடுத்து நூல். பஸ் ஸ்டாண்டுல செருப்பு தைக்கிற அண்ணன் மெழுகு பூசின நூல் கொடுத்தார். அவரே சுத்தியும் கொடுத்தார். நான் சுத்தினது பம்பரம் மாதிரி இருந்ததாம்! புது கிரிப் மாட்டுறது தனிக் கொடுமை. கைப்பிடிக்கு ஒரு கேரிபேக் போட்டு, அதுமேல கிரிப்பை உருட்டி இறக்கணும். மூணு பேர் தேவைப்பட்டுச்சு.

கடைசியா ஆளி விதை எண்ணெய். பெயின்ட்டுக்கு ஊத்துற காய்ச்சின எண்ணெய் வேண்டாம், காய்ச்சாதது வேணும். ஒரு டீஸ்பூன் எடுத்துப் பலகையில தடவி ராத்திரி முழுக்கப் படுக்க வைக்கணும். கைப்பிடிப் பக்கம் போகக் கூடாது. (இதுக்கப்புறம் வந்த ரெண்டாவது பேட்டுக்குப் பாசத்துல கால் பாட்டில் ஊத்தினேன். இப்போ அது பந்தை அடிச்சா 'டக்'குன்னு இல்ல, 'தொப்'புன்னு கேட்குது. துணி துவைக்கலாம்!) அப்புறம் மரச்சுத்தியால தினம் அரை மணி நேரம் மெதுவாத் தட்டணும். ரெண்டு வாரம். பக்கத்து ரூம்காரன், ''மச்சான், நாளைக்கு தெர்மோ எக்ஸாம்டா, கொன்னுடுவேன்!''னு கதவை உதைச்சான்.

எண்ணெய்க்கு முன்னாடி இன்னொரு வேலை செஞ்சேன். அதைச் சொல்லாமலே தாண்டிப் போயிடலாம்னு பார்த்தேன். முடியல. உப்புத்தாள் போட்டேன். 80-ம் நம்பர், 120, அப்புறம் 220. முன்பக்கம் செவப்புப் பந்து பட்ட தழும்பு, அழுக்கு, பழுப்பு எல்லாம் போச்சு. பின்பக்கம் மங்கலா நீலமா ஏதோ கிறுக்கல். நான் சின்னப் புள்ளையில கிறுக்கினதா இருக்கும்னு நானே முடிவு பண்ணி, அதையும் சேர்த்துத் தேய்ச்சேன்.

ஏப்ரல்ல மாமா வந்தார். பேட்டை வாங்கி, ரெண்டு தட்டு தட்டி, ''டேய்... அதே சத்தம்டா!''ன்னு சிரிச்சார். அப்புறம் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கிட்டே இருந்தார்.

''பின்னாடி எழுதியிருந்துச்சேடா?''

ஃபைனல்ல ஜெயிச்ச அன்னிக்கு, பதினோரு பேர் பேரையும் ஸ்கோரையும் அவங்க கேப்டன் பால்பாயின்ட் பேனாவால எழுதியிருக்கார். அந்த கேப்டன் அடுத்த வருஷமே பைக் ஆக்ஸிடென்ட்ல போயிட்டாராம். மாமா திட்டல. ''பரவால்லடா... உனக்கென்ன தெரியும்''னுட்டு டீ குடிக்கப் போயிட்டார். ரெண்டு அறை விட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பேன்.

இப்போ என் கட்டிலுக்கடியில ஆறு பேட் இருக்கு. சீனியரோட அப்பா கொடுத்தது, பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கினது, ஒரு பி.டி. வாத்தியார் தந்த காஷ்மீர் வில்லோ... எது வந்தாலும் முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்து, சொந்தக்காரருக்கு அனுப்பிக் கேட்ட பிறகுதான் உப்புத்தாள். பந்துத் தழும்பையும் இப்போ தொடுறதில்லை.

மாமா பேட் விஷயம் இன்னும் முடியல. பாட்டியோட ஆல்பத்துல ஒரு குரூப் போட்டோ கிடைச்சது. மாமா தோள்ல அதே பேட், பின்பக்கம் தெரியுது. ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கினதுல நாலு பேரைப் படிக்க முடிஞ்சது. ஆறு பேர் மாமா ஞாபகத்துல இருந்தே வந்துடுச்சு. பதினோராவது ஆள் மட்டும் சிக்கல. இடது கை ஸ்பின்னர், மளிகைக் கடை வீட்டுப் பையன், அவ்வளவுதான் தெரியுது. வெள்ளிக்கிழமை லீவுல மாமா ஷார்ஜாவுல இருந்து பழைய ஆளுங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு விசாரிச்சுட்டிருக்கார்.