இலையைத் திருப்பிப் பாத்தியா?

2022 ஜூன்ல மாற்றல் ஆர்டர் கைக்கு வந்ததும் முதல்ல செஞ்ச வேலை, மேப்பை விரிச்சு அல்மோரா எங்கே இருக்குன்னு தேடினதுதான். உத்தராகண்ட்ல, குமாவோன் மலையில. கடைசி ரயில் நிலையம் காத்கோதாம். அங்கேருந்து வளைஞ்சு வளைஞ்சு ஜீப் பயணம். நமக்கு வாய்ச்ச கிளை அல்மோரா டவுன்லகூட இல்லை, அதையும் தாண்டி ஒரு கிராமத்துல. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம். வடுகபட்டிப் பூண்டு மார்க்கெட் வாசனையில வளர்ந்து, பி.காம். முடிச்சு, பேங்க்ல சேர்ந்த ஆளுக்கு இமயமலை! பொண்ணு ஒன்பதாவது. அதனால தங்கமணியும் அவளும் மதுரையிலேயே தங்கிட்டாங்க. ஜூலை முதல் வாரம் நான் மட்டும் பெட்டியோட வந்து இறங்கினேன்.

சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. "மாத்திரையைக் கூட்டறதுக்கு முன்னாடி நடந்து பாருங்க சார்"னு டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே நடக்கறதுன்னா ஒண்ணு ஏறணும், இல்லே இறங்கணும். சமதளமே கிடையாது. நம்ம பேலன்ஸ் ஷீட் மாதிரிதான், இந்தப் பக்கம் இறங்கினா அந்தப் பக்கம் ஏறியே ஆகணும் :-)

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிளம்பி, பைன் காட்டு வழியா ஏறி, ஓக் காட்டு விளிம்புல ஒரு திருப்பத்துக்கு வந்தா போன்ல சிக்னல் நல்லா கிடைக்கும். அங்கே ஒரு பாறையில உக்காந்து அப்பாவுக்குப் போன் பண்ணுவேன்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். வடுகபட்டியில பூண்டு கமிஷன் வியாபாரம். அந்தக் காலத்துல கொடைக்கானல் மலைமேல பூம்பாறை வரைக்கும் போய்ப் பூண்டு கொள்முதல் பண்ணிட்டு வருவார். 2021 தை மாசம், "நிலைக்கதவுல அடிக்கடி தோளை இடிச்சுக்கறேன்டா"ன்னார். "மார்ச் முடியட்டும்ப்பா, கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்"னேன். பேங்க்காரனுக்கு எல்லாமே மார்ச் முடிஞ்சுதானே. மார்ச் முடிஞ்சது. கொரோனா ரெண்டாவது அலை வந்தது. அப்புறம் ஆடிட். கூட்டிட்டுப் போனது அடுத்த தையில. க்ளாக்கோமா. வலி இருக்காது, பார்வை ஓரத்துலேருந்து சத்தமில்லாம சுருங்கிட்டே வரும், போன பார்வை திரும்பாது, மிச்சமிருக்கறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னார். இடது கண்ணு அதுக்குள்ளே போயிடுச்சு. வலது கண்ணுல ஒரு குழாய் வழியா பாக்கற அளவுக்கு மிச்சம்.

அப்பா இதுவரைக்கும் அதைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தா தேவலை.

அந்தத் திருப்பத்துலேருந்து பேசறப்போ ஆரம்பத்துல எங்களுக்குள்ள ரெண்டே கேள்விதான். "சாப்பிட்டியா?" "எப்போ ட்ரான்ஸ்ஃபர்?" ஒரு நிமிஷத்துல பேச்சு தீர்ந்துடும். அதை மாத்தினது ஹரேலா.

வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பாஸ்புக்ல என்ட்ரி போட வந்த ஒரு பாட்டி, கவுன்டர் வழியா கையை நீட்டி என் காதுல ஏதோ மஞ்சளா முளைச்ச பயிரைச் செருகி வாழ்த்தினாங்க. (குமாவோனியில பாட்டிக்கு 'ஆமா'ன்னு பேரு. நான் போன்ல பேசிட்டே யாரையோ "ஆமா, ஆமா"ன்னு கூப்பிட்டதைக் கேட்டுட்டு என் பொண்ணு, "நான் இன்னும் கேள்வியே கேக்கலையேப்பா!"ங்கறா.) சாவன் மாசம் பிறக்கறதுக்கு ஒன்பது, பத்து நாள் முன்னாடி அஞ்சு, ஏழுன்னு தானியங்களைக் கூடையில விதைச்சு, வெயில் படாம முளைக்க வெச்சு, மாசப்பிறப்பன்னிக்கு அறுத்துத் தலையிலே வைப்பாங்க. அந்த ஞாயித்துக்கிழமை இதை அப்பாகிட்ட சொன்னேன். "அட, நம்ம முளைப்பாரிடா! என்னென்ன தானியம்? எவ்வளவு உசரம் இருந்துச்சு?"ன்னார். எனக்குத் தெரியலை. "காதுல வெச்சுட்டே பாக்கலையா நீ?"ன்னு சிரிச்சார்.

அன்னிலேருந்து வாரா வாரம் எனக்குப் பரீட்சைதான். பைன் மரம்னு சொன்னா, "ஊசி எத்தனை எத்தனையா சேர்ந்திருக்கு?"ன்னு கேப்பார். அடுத்த வாரம் எண்ணிட்டுப் போய்ச் சொன்னேன், மூணு மூணா. ஐப்பசி, கார்த்திகையில மத்த மரமெல்லாம் இலை உதிர்க்கறப்போ பத்ம மரம் மட்டும் ரோஸ் கலர்ல பூத்து நின்னதைச் சொன்னேன். காட்டுச் செர்ரி வகை அது. "ஈ மொய்க்குதா?"ன்னார். நின்னு கேட்டேன். மரமே ரீங்காரம் போட்டுட்டிருந்தது. தேனீ கூட்டம். நாம பொங்கல் கொண்டாடற சமயம் இங்கே மாவுல 'குகுதே'ன்னு பலகாரம் பண்ணி, மாலையாக் கோர்த்துக் குழந்தைங்க கழுத்துல போட்டுக்கும். மறுநாள் காலைல அதுங்க காக்காயைக் கூவிக் கூவிக் கூப்பிட்டுப் போடும். கனுப்பிடி வைக்கற நம்ம வீட்டுப் பெண்கள்கிட்ட இதைச் சொன்னா ஆச்சரியப்பட மாட்டாங்க.

ஆனா 2023 மார்ச்ல நான் கோட்டை விட்டேன். இயர் எண்டிங். நாலு வாரம் நடக்கவே போகலை. ஏப்ரல்ல மேலே ஏறினா பாதையெல்லாம் சிவப்பா வாடிக் கிடக்கு. புரான்ஸ். உத்தராகண்ட்டின் மாநில மரம். அதோட பூவுல சர்பத் பண்ணுவாங்க. அந்த உச்சியில அது பூத்துக் குலுங்கற மாசமும் பேங்க் கணக்கு முடிக்கற மாசமும் ஒண்ணா அமைஞ்சது என் ஜாதகம். அப்பாகிட்ட மழுப்பினேன். "மார்ச்தானே, சரி விடு"ன்னார். அந்த வார்த்தை எங்கே போய்க் குத்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

2024ல விடறதா இல்லை. மார்ச் 14, நமக்குப் பங்குனி பிறக்கற நாள், இங்கே 'பூல் தேயி'. விடியக்காலம் குழந்தைங்க கூடை நிறையப் பூ பறிச்சுட்டு வந்து வீட்டு வீட்டு நிலைவாசல்ல போடும். அந்தப் பாதையில பாதி வீடு பூட்டிக் கிடக்கு, ஆளுங்க ஹல்த்வானியிலும் தில்லியிலும். மொத்தம் நாலே குழந்தைங்க. பூட்டின வாசல்லயும் ரெண்டு ரெண்டு புரான்ஸ் வெச்சுட்டுப் போச்சுங்க. அப்புறம் காட்டுக்குள்ள போனேன். கோணலா முறுக்கின மரம், உரியற பட்டை, கிளை நுனியில கொத்துக் கொத்தா ரத்தச் சிவப்பு. எல்லாத்தையும் அப்பாகிட்ட வர்ணிச்சேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இலையைத் திருப்பிப் பாத்தியா?"

திருப்பினேன். அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுச்சு.

"நம்மளது துருப்பிடிச்ச தகரம் மாதிரி இருக்கும்டா. மத்ததெல்லாம் அதேதான். காட்டுப்பூவரசு. பூம்பாறை ரோட்டுல நிறைய பாத்திருக்கேன்."

நம்பலை. தேடிப் படிச்சா, அப்பா சொன்னது சரி. புரான்ஸும் நீலகிரி, பழனி மலை உச்சிகளில் வளர்ற காட்டுப்பூவரசும் ஒரே இனத்தோட ரெண்டு கிளை வகைங்க. இடையில இருக்கற சமவெளி முழுக்க அது கிடையாது. இமயமலை, வடகிழக்கு மலைகளை விட்டா, தெற்கே நம்ம உயர்ந்த மலைகளும் இலங்கையும்தான். மாற்றல் வாங்கிட்டு வந்த மரம் போல!

அந்த மே மாச லீவுல, கீழே விழுந்து கிடந்த இலை நாலை டைரிக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனேன். கொடைக்கானலுக்கு அப்போதான் இ-பாஸ் கொண்டு வந்திருந்தாங்க. பாஸ் எடுத்து, கார் பிடிச்சு அப்பா, தங்கமணி, பொண்ணு எல்லாரும் பூம்பாறை ரோட்டுல ஏறினோம். ஒரு வளைவுல "நிறுத்து, இங்கதான் எங்கயாச்சும் இருக்கும்"னார் அப்பா. மரத்தைக் கண்டுபிடிச்சது பொண்ணு. அப்பா ஒரு கையில அந்த மரத்தோட இலை, இன்னொரு கையில அல்மோரா இலைன்னு வெச்சுக்கிட்டு, கட்டைவிரலால அடிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பாத்தார். "நம்மளதுல கம்பளி மாதிரி இருக்கு. இது வழவழன்னு இருக்கு. பாரு பாப்பா"ன்னு பேத்தி கையில குடுத்தார். நான் காருக்குப் பின்பக்கமா போய் நின்னுக்கிட்டேன்.

அந்தக் கோடையில உத்தராகண்ட் முழுக்கக் காட்டுத்தீ. உதிர்ந்த பைன் ஊசியை இங்கே பிரூல்னு சொல்வாங்க. பிசின் உள்ளது, ஒரு பீடித் துண்டு போதும். ஜூன் 13 அன்னிக்கு எங்களுக்குப் பக்கத்துல பின்சர் சரணாலயத்துல தீயணைக்கப் போன வனப்பணியாளர்கள் நாலு பேர் செத்துப் போனாங்க. எங்க சரிவுலயும் புகை. அப்பா தினமும் போன் பண்ணிக் கேட்டார், "அந்த மரம் இருக்கா?"

முதல் மழைக்கப்புறம்தான் ஏற முடிஞ்சது. முழங்கால் உயரத்துக்குப் பட்டை கரிஞ்சிருந்தது. மேலே பச்சை. "இருக்குப்பா"ன்னேன். 2025 மார்ச்ல பூத்தது, கொஞ்சம் கம்மியா. அந்த வருஷம் இயர் எண்டிங் வேலைக்கு நடுவுல எல்லா ஞாயித்துக்கிழமையும் மேலே போயிருந்தேன். லெட்ஜர் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடலை.

எத்தனை மார்ச்சை இப்படி 'முடியட்டும்'னு தள்ளியிருக்கேன்னு கணக்குப் பாத்தா, அது எந்த லெட்ஜர்லயும் நேராகாது. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். ஊர்ல இருக்கற பெரியவங்க கண்ணு மங்குது, எங்கயோ இடிச்சுக்கறேன்னு சொன்னா, அந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

அப்பா இப்போல்லாம் ட்ரான்ஸ்ஃபர் பத்திக் கேக்கறதில்லை. போன வாரம், "காஃபல் பழம் பழுக்கறப்போ ஒரு குருவி கத்தும்னியே, அதைப் போன்ல கேக்க வை"ன்னார். 'காஃபல் பக்கோ'ன்னு நாலு சுரத்துல கத்தற குயில் வகை அது. பழம் ரெண்டு நாள் தாங்காது, ஊருக்குக் கொண்டு போக முடியாது. சத்தத்தையாவது அனுப்பலாம்.

மணி அஞ்சே முக்கால். மப்ளர் எங்கேன்னு தேடணும். கிளம்பறேன்.