தேய்மானம் (2 மதிப்பெண் வினா)

பி.காம் படிக்கிறவனுக்கு லாரி எஞ்சினில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு... நான் நாமக்கல்காரன். எங்கள் ஊரில் சொந்தத்தில் ஒருத்தராவது லாரி வைத்திருப்பார், ஒருத்தராவது லாரியால் கடன்பட்டிருப்பார். எங்கள் வீட்டில் இரண்டுமே அப்பாதான் :-)

போன செமஸ்டர் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. கேரளாவில் கோழித்தீவனம் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த அப்பா, வாளையாறில் இருந்து போன் செய்தார்.

"தம்பி, வண்டி நிக்கறப்ப ஆயில் லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது. ஆக்சிலேட்டர மிதிச்சா அணைஞ்சுருது. ஆயில் அளவு சரியாத்தான் இருக்குது. பட்டறை மாமா போன எடுக்கல, நீ கொஞ்சம் என்னன்னு பாரு."

நானும் இரண்டு வீடியோ பார்த்தேன். மொத்தம் ஏழு நிமிடம். "சென்சார் கம்ப்ளைண்ட்ப்பா. பம்ப் போயிருந்தா லைட்டு எப்பவும்தானே எரியணும்? தைரியமா ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். கணக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் ஆடிட்டர் மாதிரி. அதை நம்பி அப்பா ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை பட்டறை. அப்பாவுக்கு அவசரம். 10ஆம் தேதி டியூ கட்ட வேண்டும், செவ்வாய்க்கிழமைக்கு லோடு பேசி வைத்திருந்தார். "சென்சார மட்டும் மாத்திக் குடுங்க மாப்ள" என்றார்.

"பொறுங்க மச்சான்" என்று மாமா சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு டியூப் வைத்த கேஜை மாட்டினார். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டார். சும்மா நின்று ஓடும்போது முள் அரை கிலோவைத் தாண்டவில்லை. ரேஸ் கொடுத்தால் இரண்டு கிலோ வரை ஏறியது.

"இந்த வண்டிக்குச் சூட்டுல ஒரு கிலோவுக்கு மேல நிக்கோணும். சென்சார் பொய் சொல்லல கண்ணு" என்றார் என்னைப் பார்த்து. அப்பா காட்டிக் கொடுத்துவிட்டார் போல!

லைட் ஏன் ரேஸ் கொடுத்தால் அணைகிறது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஆயில் பம்பில் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சுற்றும் இரண்டு பல்சக்கரங்கள்தான் எல்லாமே. பற்களுக்கு நடுவே ஆயிலை அள்ளி அந்தப் பக்கம் தள்ளும். சக்கரமும் கவரும் தேய்ந்தால் இடைவெளி கூடும், தள்ளிய ஆயில் அதன் வழியே பின்னாலேயே ஒழுகும். குளிர்ந்த ஆயில் கெட்டி, அவ்வளவாக ஒழுகாது. சூடானால் தண்ணீர் மாதிரி. அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, தள்ளுவது கொஞ்சம், ஒழுகுவது அதிகம். வேகம் கூடினால் ஒழுகியது போக மிச்சம் இருப்பதால் லைட் அணைகிறது. அதாவது, லைட் அணைந்ததால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை!

ஆயிலை வடித்து, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சேம்பரை இறக்கினார்கள். முதலில் ஸ்ட்ரெய்னர். அதில் அழுக்கு அடைத்திருந்தாலும் பிரஷர் குறையும். சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்து, பிரஷர் மீறினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். அதுவும் சரி. கடைசியில் பம்பைப் பிரித்தார்கள். மாமா கவரை என் கையில் கொடுத்து, "நகத்த வெச்சு இழுத்துப் பாரு" என்றார்.

வட்டமாக ஒரு பள்ளம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. ஒரு தலைமுடி தடிமன் இருக்கும், அவ்வளவுதான்.

தேய்மானம் என்றால் என்ன? நிலைச்சொத்தின் மதிப்பில் பயன்பாட்டாலும் காலத்தாலும் படிப்படியாக ஏற்படும் குறைவு. 2 மதிப்பெண். லாரிக்கு 30 சதவீதம் என்று எத்தனை கணக்கு போட்டிருக்கிறேன்! அது இத்தனை மெல்லியதாக, விரலில் படுகிற பொருளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்றார் அப்பா. "பல்லு புதுசு, ஈறு பழசுன்னா எத்தன நாளைக்கு மச்சான்?" என்று மாமா முழு பம்பையே மாற்றச் சொன்னார். அதோடு விடவில்லை, பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தார். பம்ப் ஆயிலை அனுப்பத்தான் செய்யும், அதை இறுக்கிப் பிடித்துப் பிரஷராக நிறுத்துவது பேரிங்கின் குறுகிய இடைவெளிதானாம். இரண்டு பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாப்ட்டில் கோடு விழவில்லை.

"காலி வண்டியா வந்ததால தப்புச்சுது. இன்னொரு லோடு போயிருந்தா ஷாப்ட்டக் கழட்டி கிரைண்டிங்குக்கு அனுப்போணும். நடுவழியில எஞ்சின் புடிச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

புது பம்பை மாட்டும் முன் அதற்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றினார்கள். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காதாம். புது ஃபில்டரிலும் ஆயில் நிரப்பினார்கள். டீசலை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றவிட்டார்கள். மூன்றாவது தடவை கேஜ் முள் அசைந்தது. பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்கள். அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகும் முள் ஒன்றரை கிலோவில் நின்றது.

மூன்று நாள் போனது. செவ்வாய்க்கிழமை லோடும் போனது. டியூ 12 நாள் தாமதம், அபராத வட்டியோடு. பில்லைப் பார்த்து, "இது வருவாயினச் செலவுப்பா, சொத்துல சேராது" என்று ஜோக்கடித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மக்களே, ஆயில் லைட் மினுக்கினால் ஆக்சிலேட்டரை மிதித்து அதன் வாயை அடைக்காதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள், ஆயில் அளவைப் பாருங்கள், கேஜ் வைத்துப் பார்க்கும் வரை சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னார்.

"தெரியலைனா தெரியலைன்னு சொல்லு சாமி. நான் வண்டிய ஓரமா நிறுத்திப் போட்டுட்டு மாமா போனுக்குக் காத்திருந்திருப்பேன்."