டண்டினொங்கில் ஒரு பெட்டகம்

டண்டினொங் தெற்கில் வேலை செய்பவர்களுக்குப் பலட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எந்தத் தொழிற்சாலையின் பின்பக்கத்திலும் அடுக்கடுக்காகக் கிடக்கும். நீலம் செப் கம்பனியுடையது, சிவப்பு லொஸ்காம். இரண்டும் வாடகைக்கு ஓடுபவை, கை வைக்கக் கூடாது. நிறம் பூசாத, ஒருமுறை மட்டும் சாமான் ஏற்றிவந்த பலட்டுகளை மேற்பார்வையாளரிடம் கேட்டால் அநேகமாகக் "கொண்டு போ" என்பார். அந்தப் பலகையில்தான் வீட்டில் ஒரு பெட்டகம் செய்தேன்.

ஊர்ப் பெட்டகங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் அம்மப்பா வீட்டுப் பெட்டகம் வேப்பமரம். நாலு பேர் பிடித்தால்தான் அசையும். மேலே பாய் போட்டுப் படுக்கலாம். உள்ளே கூறைச்சேலை, பித்தளைச் செம்பு, காணி உறுதி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது அது அங்கேயே நின்றுவிட்டது. அம்மா உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தா. அதன்பின் எங்கள் பத்திரங்களுக்குப் பைதான் வீடு. படகிலும் பை, இங்கே வந்தும் கட்டிலுக்குக் கீழே பை.

"வாடகை வீட்டில இருக்கிற எங்களுக்கு இவ்வளவு பாரமான பெட்டி எதுக்கப்பா?" என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்வி. 2023இல் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது, எங்களுக்கும் கிடைத்தது. என்னோடு ஒரே இயந்திரத்தில் நிற்கும் நண்பனுக்கு இன்னும் பிரிட்ஜிங் விசாதான். எனக்கோ, இலகுவில் தூக்க முடியாத ஒன்று வீட்டில் இருக்கவேண்டும் போலிருந்தது.

செய்ய விரும்புவோர் முதலில் பலட்டின் பக்கத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. என்றால் சூட்டில் பதப்படுத்திய மரம். எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடித்தது, வேண்டாம். பச்சை படிந்த பழைய வேலிப் பலகையில் ஆர்செனிக் இருக்கலாம், அதையும் தொடாதீர்கள், குளிருக்கு எரிக்கவும் கூடாது. அலவாங்கால் நெம்பினால் பலகை பிளக்கும். இடைவெளியில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுப்பதே நல்லது. அரத்தாள் போடும்போது முகமூடி அணியுங்கள்.

என்னுடையது 90 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 45. நாலு மூலையிலும் உள்ளே சட்டம் வைத்துத் திருகாணி போட்டேன். அடியில் இரண்டு கட்டை கொடுத்து உயர்த்தினேன். மெல்பேர்ண் குளிர்காலத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடி படாரென்று விழாதபடி தாங்கி பூட்டுங்கள், பக்கங்களில் காற்றுத் துளையும் இடுங்கள். ஒளித்து விளையாடப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பிணைச்சலும் திருகாணியும் மட்டுமே காசு கொடுத்து வாங்கினேன்.

இரண்டு சனி, ஞாயிறு சென்றன. நண்பனும் வந்து வாள் பிடித்தான். மிஞ்சிய பலகையில் அவனும் ஒன்று செய்தான். சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் கைபிடி, ஒரு ஆள் தூக்கக்கூடியது.