அடக்கமும் ஒளியும்

'அடக்கம்' என்னும் சொல்லை இளமை எளிதில் விரும்புவதில்லை. வீட்டில் மூத்தோரும் விடுதியில் மணியோசையும் அதனையே நாள்தோறும் ஓதுதலின், 19 ஆண்டு நிரம்பிய எனக்கும் அஃது ஓர் அடைத்த கதவாகத் தோன்றுவதுண்டு. அடக்குதலால் ஆக்கம் விளையுமோ? இவ்வையத்திற்கு, உயிர்நூல் பயிலும் நண்பர் ஒருவர் கூறிய செய்தியில் யான் விடை கண்டேன்.

மரபணுவின் முன்னே 'புரோமோட்டர்' என்னும் தொடக்கவிடம் ஒன்று உண்டு. ஆங்கிருந்தே அதன் செய்தி படிக்கப்பெற்றுப் புரதம் உண்டாகும். 'அடக்கி' என்னும் புரதம் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளின் படிப்பு நிற்கும். விட்டு நீங்கின் மீண்டும் தொடங்கும். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிர், பாற்சர்க்கரை கிட்டாதபோது அதனைச் செரிக்கும் மரபணுக்களை இவ்வாறே அடக்கி வைக்கும். கிட்டியவுடன் அடக்கி விலகும். 1961-இல் இதனை விளக்கியவர் ஜேக்கப், மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர்.

2000-ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எலோவிட்ஸ், லைப்லர் என்போர் அந்நுண்ணுயிரினுள் மூன்று அடக்கிகளை வட்டமாக நிறுத்தினர். முதலாவது இரண்டாவதை அடக்கும். இரண்டாவது மூன்றாவதை அடக்கும். மூன்றாவது முதலாவதையே அடக்கும். கண்ணுக்குப் புலனாகா இந்நிகழ்ச்சிக்குச் சான்று வேண்டுமன்றோ? 1962-இல் ஷிமோமுரா சொறிமீனிலிருந்து பிரித்தறிந்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை, அவ்வடக்கிகளுள் ஒன்றன் ஆணைக்கு உட்படுத்தினர். அடக்கி பெருகின் ஒளி மங்கும். குறையின் ஒளி எழும்.

விளைந்தது யாது? அணுக்கள் பல ஏறத்தாழ 150 நிமிடத்திற்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கின. அணு இரண்டாகப் பிரியும் காலத்தினும் அது நெடிது. ஆதலின் தாயணு தொடங்கிய தாளத்தைச் சேயணு தொடர்ந்தது. எல்லா அணுக்களும் அத்தாளத்தில் நின்றன என்றல் இயலாது. எனினும், ஏவுவோர் ஒருவருமின்றி அடக்குவோர் மூவராலேயே ஒரு தாளம் பிறந்தமை வியப்பன்றோ!

அதே ஆண்டில் பாஸ்டனில் கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் ஆகியோர் இரண்டு அடக்கிகளை மட்டும் எதிரெதிர் நிறுத்தினர். ஆங்கு ஒன்று வென்றது; மற்றது வாயடைத்தது. புறத்திருந்து ஒரு மருந்தோ வெம்மையோ வந்து மாற்றுங்காறும் அந்நிலை மாறிற்றில்லை. விளக்கின் விசைபோல் அதுவும் பயனுடைத்தே. ஆயின் அதன்கண் தாளம் இல்லை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குங்கால் எனக்குத் தோன்றுவது இது: அடக்குவோர் தாமும் பிறிதொன்றிற்கு அடங்குவராயின், முறைமுறையே ஒவ்வொருவர்க்கும் ஒளிருங்காலம் வரும். அடக்குவோர் எவர்க்கும் அடங்காராயின், எஞ்சுவது ஒருவரின் குரலும் மற்றவரின் மௌனமுமே.

நண்பர்களே, நாளை நம்மிற் பலர் பெற்றோராவோம், ஆசிரியராவோம், அதிகாரிகளாவோம். பிறரை அடக்கும் உரிமை நம் கைக்கு எய்துங்கால், நம்மை அடக்குதற்குரியது யாது என்று முதலில் வினவிக்கொள்வோமாக.