வடிவான ஆக்கள் முன்னுக்கு, மற்றாக்கள் பின்னுக்கு

சும்மா இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘வைட் ஹொட்’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அபர்க்ரொம்பி அண்ட் ஃபிட்ச் என்ற அமெரிக்க உடுப்புக் கம்பனியைப் பற்றினது. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கத்தைய பெடியள் பைத்தியமாய்த் திரிந்த பிராண்ட். எங்களுக்கும் அதுக்கும் என்ன என்று நினைத்துத்தான் போட்டனான். ஆனால் படத்தில் வந்த ஒரு வழக்கு என்னை நேரே கொழும்புக்குக் கொண்டுவந்து விட்டது.

முதல்ல கடையின்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். 1892இல் டேவிட் அபர்க்ரொம்பி என்பவர் நியூயோர்க்கில் தொடங்கிய கடை அது. அப்ப அங்க வித்தது கூடாரம், தூண்டில், துவக்கு. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போற பணக்கார ஆம்பிளையள்தான் வாடிக்கையாளர்கள். தியோடர் ரூஸ்வெல்ட், எழுத்தாளர் ஹெமிங்வே எல்லாரும் அங்க சாமான் வாங்கியிருக்கினம். 1976இல் கம்பனி வங்குரோத்தாகிப் போச்சு. பெயர் மட்டும் கைமாறி, 1988இல் ‘த லிமிட்டட்’ என்ற நிறுவனத்திடம் வந்தது. 1992இல் மைக் ஜெஃப்ரீஸ் பொறுப்பெடுத்தார். பழைய பணக்காரக் கடையின் பெயரை எடுத்து, கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு ஜீன்ஸும் ரீசேட்டும் விற்கத் தொடங்கினார்.

விற்ற விதம்தான் விசயம். யன்னல்களை மறைத்த கடை, உள்ளே இருட்டு, காது கிழியப் பாட்டு, தெருவரைக்கும் அடிக்கிற சென்ட் வாசம். பெரிய கடைகளின் வாசலில் சேட் போடாத பெடியள். கடையில் வேலை செய்தவர்களுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘மொடல்’. முடி எப்படி இருக்கவேணும், நகம் எப்படி இருக்கவேணும், என்ன நகை போடலாம் என்று ‘லுக் பொலிசி’ என்றொரு சட்டக்கோவை. 2006இல் ஒரு நேர்காணலில் ஜெஃப்ரீஸ் ஒளிக்காமலே சொன்னார்: எங்களுக்குத் தேவை வடிவான, எல்லாருக்கும் பிடித்த பிள்ளைகள்தான், நிறையப் பேருக்கு எங்கட உடுப்புப் பொருந்தாது, ஓம் நாங்கள் ஆக்களை ஒதுக்குகிறோம்தான் என்ற கருத்தில்.

நல்ல பருத்தி ரீசேட் எங்கயும் வாங்கலாம். அங்க காசு குடுத்தது உள்ளுக்கு நிக்கிற ஆக்களில் ஒருவராய் ஆகிறதுக்கு. அதுக்கு வெளியில நிக்கிற ஆக்களும் வேணும். எல்லாரும் உள்ளுக்கு வந்தால் அந்த விலை நிக்காது.

இனி அந்த வழக்கு. 2003இல் லத்தீன், ஆசிய, கறுப்பினப் பின்னணியைக் கொண்ட இளைஞர்கள் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். வேலைக்கு எடுக்கவில்லை, எடுத்தாலும் வாடிக்கையாளர் பார்க்காத இடத்துக்கு, பின்னால் இருக்கிற ஸ்டோர் அறைக்கு அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2004இல் கம்பனி 40 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. தப்புச் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டோர் அறை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏ.எல். முடித்துவிட்டுப் பெறுபேறு வருமட்டும் நானும் கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் நின்றனான். ‘சேல்ஸ் கேர்ள் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனது. முதல்நாளே முகாமையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, நீங்கள் ஸ்டோர்ஸில நில்லுங்கோ. முன்னுக்கு ஆக்கள் இருக்கினம்” என்றார். நாலு மாதம் நான் செய்தது விலைத்துண்டு குத்துறதும், அயன் பண்ணுறதும். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சி வந்த உடுப்புகளின் கழுத்து லேபலை வெட்டி எடுக்கிறதும் என்ர வேலைதான். எங்கட நாட்டுப் பெண்கள் தைத்த உடுப்பு, வெளிநாட்டுப் பெயர், அதை நான் கத்தரிக்கோலால் வெட்டுறன்.

ஸ்டோர்ஸில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் கறுப்பு. முன்னுக்கு நின்ற ஐஞ்சு பேரும் வெள்ளை. அதில் ஒருத்தி தமிழ், என்னை மாதிரியே சிங்களமும் குறைவு. ஆகவே மொழிப் பிரச்சினை என்றும் சொல்லேலாது. ஒருவரும் எங்களைப் பார்த்துக் கறுப்பு என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கேல்லை.

இந்தச் சொல்லாமல் செய்கிற வேலைதான் அடுத்த வழக்கின் மையம். 2008இல் ஒக்லஹோமாவின் டல்சா நகரில் சமந்தா இலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பெண் இதே கம்பனியின் சிறுவர் உடுப்புக் கடைக்கு நேர்முகத்துக்குப் போனார். தலையில் கறுப்பு முக்காடு. அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பேட்டி எடுத்தவர் வேலைக்கு எடுக்கக்கூடிய புள்ளிதான் போட்டார். பிறகு மேலதிகாரியிடம் கேட்டபோது, முக்காடு லுக் பொலிசிக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. தோற்றத்துக்கான புள்ளி குறைந்தது. வேலை இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் மதக் காரணம் என்று எங்களிடம் சொல்லவே இல்லையே என்பது கம்பனியின் வாதம். 2015 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கத் தேவையில்லை, மத வழக்கத்துக்கு இடம் குடுக்க விரும்பாமல் வேலை மறுத்தால் அதுவே சட்டமீறல். பதினேழு வயசில் தொடங்கி ஏழு வருசம்.

இதை வாசிக்கிற எங்களுக்கு அந்தப் பிள்ளையில் இரக்கம் வரும். ஆனால் 2018இல் திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா போட்டு வரக்கூடாது என்று ரோட்டில் நின்றது எங்கட ஆக்கள்தான். அதுக்கும் ‘பாடசாலை மரபு’ என்று ஒரு மரியாதையான பெயர் இருந்தது.

கம்பனி இப்ப மாறிவிட்டது என்கிறார்கள். ஜெஃப்ரீஸ் 2014 டிசம்பரில் போனார். ‘மொடல்’ என்ற பெயரும் வாசல் பெடியளும் அடுத்த வருசமே போச்சு. 2017இல் ஃபிரான் ஹோரோவிட்ஸ் என்ற பெண் தலைமைக்கு வந்தார். பெரிய அளவுகளும் வந்தன. 2023இல் மட்டும் பங்கு விலை மூன்று மடங்குக்கு மேலாகியது. நல்லதுதான். ஆனால் இந்த மாற்றம் வந்தது விற்பனை விழுந்த பிறகு. 2003 வழக்குக்கும் கடை மாறினதுக்கும் இடையில் பத்து வருசத்துக்கு மேல். கடைகளாக மனம் திருந்தும் என்று காத்திருந்தால் எங்களுக்கும் வயசு போயிடும்.

எங்கட பேப்பர்களில் இப்பவும் ‘நல்ல தோற்றமுள்ள பெண் பிள்ளைகள் தேவை’ என்று விளம்பரம் வருகுது. இந்த வருசம் ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடுகிற தங்கச்சிமாருக்கு நான் சொல்லுறது ஒன்றுதான். உங்களைப் பின்னுக்குப் போகச் சொன்னால், ஏன் என்று கேளுங்கோ. பதில் தெரிந்திருந்தாலும் கேளுங்கோ. அந்தக் காரணத்தை அவையின்ட வாயாலேயே சொல்ல வையுங்கோ.