மடக்குக் கத்தியின் மூட்டு

பிரிட்டனில் வனவியல் பயிலும் எங்கள் மகள் வார இறுதிகளில் புஷ்கிராஃப்ட் முகாம்களுக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறாள். காட்டில் கிடைக்கும் சுள்ளியையும் பட்டையையும் கொண்டே தீ மூட்டி, குடிலமைத்துத் தங்கும் பயிற்சி அது. உறுதியான மடக்குக் கத்தி ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று எங்களைக் கேட்டாள். கத்தியைக் கையில் கொடுக்கலாகாது, கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று பழக்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் பணயத்தில் இருப்பவை அவளுடைய விரல்கள் என்பதால், சில வாரங்கள் இது குறித்துப் படித்தோம், பேசினோம்.

அலகு என்னும் நம் சொல் பறவையின் மூக்கையும் ஆயுதத்தின் வெட்டும் பகுதியையும் ஒருங்கே குறிப்பது. கத்தி வாங்குவோரின் கண் இயல்பாகவே அலகின்மீது படிகிறது. மடக்குக் கத்தியிலோ, அலகும் பிடியும் கூடுகின்ற மூட்டையே முதலில் நோக்க வேண்டும். மடங்காத கத்தியில் அலகின் எஃகு பிடிக்குள்ளும் நீள்கிறது. மடக்குக் கத்தியில் ஓர் ஆணியும் ஒரு சிறு பூட்டும் பளுவைத் தாங்குகின்றன. 1988இல் ‘நார்தர்ன் புஷ்கிராஃப்ட்’ நூலை எழுதிய கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி, காட்டு வேலைக்கு மடங்காத கத்தியையே வேண்டியவர்.

பின் ஏன் மடக்குக் கத்தி? உறை வேண்டாம், பைக்குள் அடங்கும், பார்ப்பவரை அச்சுறுத்தாது. இவற்றோடு சட்டமும் சேர்கிறது. பிரிட்டனில், பூட்டில்லாததும் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடையதுமான மடக்குக் கத்தியைக் காரணம் காட்டாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்திக்குத் தக்க காரணம் வேண்டும். தெருவின் பாதுகாப்பை எண்ணும் சட்டம், விரல்மீது மடங்கிவிடக்கூடிய கத்திக்குச் சலுகை தருகிறது. காட்டில் மரம் சீவுபவருக்கு வேண்டியதோ பூட்டுள்ள கத்தி. எனவே பூட்டுள்ளதையே வாங்குவது, முகாமுக்குச் செல்லும் நாளில் மட்டும் மூட்டையின் அடியில் வைத்து எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தோம்.

பூட்டுகள் பலவகை. அமெரிக்காவில் 1964இல் வெளிவந்த பக் 110 கத்தியில் பூட்டு பிடியின் முதுகில் இருக்கிறது. பித்தளை முனைகள் கொண்ட கனத்த கத்தி. கைக்கு நம்பிக்கை தருவது. ஆனால் பூட்டு விழும் பள்ளத்தில் மணலோ மரப்பிசினோ அடைந்தால் அது முழுமையாகப் பற்றாது. பிடியின் உட்புறத் தகடே பூட்டாக அமையும் வகையும் உண்டு. அதை மடக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது. குளிரில் விரல் மரத்துப்போன வேளையில் இது நல்லதன்று.

பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் வடித்த கத்தியில், ஆணியைச் சுற்றி ஓர் எஃகு வளையம் இருக்கிறது. 1955இல் சேர்க்கப்பட்ட இவ்வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. அழுக்கு சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும், துடைப்பதும் எளிது. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். மெல்லிய அலகாதலால் சீவுவதற்கு மிக ஏற்றது. தீ மூட்டுவதற்கான சுருள் சீவல்களை எடுப்பதில் தடித்த கத்திகள் பல இதற்கு ஈடாகா. குறையும் உண்டு. பீச் மரப் பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது பிடியின் அடிநுனியை மரக்கட்டையில் தட்டினால், அலகின் நுனி நகத்துக்கு எட்டுமளவு வெளிவரும். மழை மிகுந்த நாட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு அலகே பொருந்தும் என்றும் கருதினோம்.

எந்தக் கத்தியாயினும் வாங்குமுன் செய்யத்தக்க சோதனை எளிது. விரித்துப் பூட்டியபின் அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பூட்டியபின்னும் அலகு மேலும் கீழும் ஆடினால் அக்கத்தி வேண்டாம். பிறகு, அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதவாறு பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையில் இலேசாகத் தட்டலாம். பூட்டு நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

அவளுக்கு நாங்கள் அழுத்தி எழுதியது ஒன்றுண்டு. விறகின்மேல் அலகை வைத்து, அதன் முதுகைத் தடியால் அடித்துப் பிளக்கும் பழக்கம் புஷ்கிராஃப்டில் பரவலானது. அந்த அடி முழுதும் ஆணியிலும் பூட்டிலும் இறங்கும் என்பதால் மடக்குக் கத்தியை அதற்கு எடுக்கலாகாது. கத்தியால் மர ஆப்புகள் சீவி, விறகின் நுனியில் உள்ள வெடிப்பில் அவற்றை அடித்து இறக்கினால் விறகு தானே பிளக்கும். கத்தி சீவும் வேலையோடு நின்றுவிடும். அல்லது முகாமில் இருக்கும் மடங்காத கத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எட்டாம் எண் ஒபினெலையே வாங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வருகையில் கொண்டுவருவதாயின் விமானத்தில் கைப்பையில் வைக்கலாகாது. இங்கு வந்தபின்னும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைய இயலாது. எங்கள் தோட்டத்து முருங்கைக் கிளையைச் சீவிப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறோம். முருங்கை சீவுவதற்கு ஆகாத மரம் என்று அவளிடமிருந்து உடனே பதில் வந்தது.