சித்தி வீட்டு ஃபுட்பால் பஞ்சாயத்து

டிஸ்கி: கொஞ்சம் நீளமான மேட்டர். ஃபுட்பால் தெரியாதவங்களும் படிக்கலாம். பி.காம். மக்கள் கண்டிப்பா படிக்கணும், நடுவுல +2 கணக்குப்பதிவியல் 'நற்பெயர்' பாடம் வருது :-)

ஞாயித்துக்கிழமை காலைல ஏழரை மணிக்கு எங்க வீட்ல ஃபோன் அடிச்சா அது டெக்சாஸ் சித்தின்னு அர்த்தம். அங்க சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. வழக்கமா அம்மாவும் சித்தியும் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் கோட்டை பைரவர் கோவில் வரைக்கும் போய் பால் வாங்கிட்டு வந்துடுவேன். நாலு வாரம் முன்னாடி ஃபோன் நேரா என் கைக்கு வந்துச்சு.

"நீ காமர்ஸ் தானேடி? எங்களுக்கு ஒரு கணக்கு போட்டுக் குடு."

கணக்கு என்னன்னா, சித்தி பொண்ணு எந்த லீக்ல ஃபுட்பால் ஆடறதுங்கறது. அவ ஒன்பதாவது படிக்கிறா. லெஃப்ட் பேக். டல்லாஸ் பக்கம் ஒரு கிளப்ல ஆடறா. இப்போ வேற ஒரு கிளப் கோச் கூப்பிட்டிருக்கார். சித்தப்பாவுக்கு மாறணும், சித்திக்கு மாற வேண்டாம். மூணு வாரமா வீட்ல சோறு தண்ணி இதேதானாம். "ரெண்டு கிளப்புல எது பக்கமோ அங்க போக வேண்டியதுதானே சித்தி"ன்னு அப்பாவியா கேட்டேன். அந்தப் பக்கம் சித்தப்பா சிரிச்ச சத்தம் இங்க கேட்டுச்சு. பிரச்சினை கிளப் இல்லையாம். இப்ப ஆடற கிளப் ஜி.ஏ., கூப்பிடற கிளப் ஈ.சி.என்.எல்.

இந்த எழுத்துக் குழம்பைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. உங்களுக்குச் சுருக்கமா சொல்றேன்.

2009ல சில கிளப்புங்க சேர்ந்து பொண்ணுங்களுக்காக எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதான் ஈ.சி.என்.எல். நல்லா ஓடிட்டு இருந்துச்சு. பசங்களுக்கு மட்டும் டெவலப்மெண்ட் அகாடமின்னு ஒண்ணு 2007ல இருந்து நடத்திட்டு இருந்த அமெரிக்க ஃபுட்பால் சங்கம், 2017ல பொண்ணுங்களுக்கும் அதைக் கொண்டு வந்துச்சு. சுருக்கமா டி.ஏ. (நம்மூர்ல டி.ஏ.ன்னா அகவிலைப்படி. அதுக்கும் சண்டைதான் நடக்கும்.) டி.ஏ.ல சேர்ந்தா ஸ்கூல் டீமுக்கு ஆடக் கூடாதுன்னு ஒரு விதி. ஈ.சி.என்.எல்.ல அந்தத் தடை இல்லை. ஸ்கூல் டீம்ல ஃப்ரெண்ட்ஸ் கூட ஆடறதா, 'தேசிய சங்கமே நடத்துது' அப்படிங்கற முத்திரையாங்கற சண்டைல கிளப்புங்க ரெண்டா பிரிஞ்சது. அந்தப் பக்கம் போன சில பேர் அடுத்த வருஷமே திரும்பியும் வந்தாங்க. 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல, பணம் இல்லைன்னு சொல்லி சங்கம் டி.ஏ.வை இழுத்து மூடிருச்சு. நடுத்தெருவுல நின்ன கிளப்புங்கள்ல நிறைய பேர் அதே வருஷம் சேர்ந்து கேர்ள்ஸ் அகாடமின்னு புதுசா ஆரம்பிச்சாங்க. அதான் ஜி.ஏ.

இதுக்குக் கீழ குட்டி குட்டியா அடுத்த படிகள் வேற. ஈ.சி.என்.எல். ரீஜனல் லீக்னு ஒண்ணு இருக்கு. பேர்ல ஈ.சி.என்.எல். இருக்கும், ஆனா மேல் படி கிடையாது. நம்மூர் கல்யாணப் பத்திரிகைல 'பி.ஏ.' போட்டு பக்கத்துல பொடி எழுத்துல 'தவறிய' போடுவாங்களே, அந்த மாதிரி.

சரி, இதுல அப்பா அம்மாங்க இவ்வளவு அடிச்சுக்க என்ன இருக்கு? சித்தப்பா சொன்ன ஒரே வார்த்தை: "காலேஜ் கோச்சுங்க."

அமெரிக்காவுல 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு. அரசாங்கப் பணம் வாங்கற படிப்பு நிறுவனம் ஆண் பெண் பாகுபாடு காட்டக் கூடாது, விளையாட்டுலயும். அதனால காலேஜ்கள்ல பொண்ணுங்க ஃபுட்பால் டீம் பெருகுச்சு, ஸ்காலர்ஷிப் வந்துச்சு. டிவிஷன் ஒன்னுங்கற மேல் மட்டத்துல மட்டும் 300 காலேஜுக்கு மேல பொண்ணுங்க டீம் வச்சிருக்கு. அந்தக் கோச்சுங்க ஊர் ஊரா சுத்த முடியாது. ரெண்டு லீக்கும் பெரிய மைதானங்கள்ல மூணு நாலு நாள் மொத்தமா மேட்ச் வைக்கும், கோச்சுங்க மடக்கு நாற்காலி, நோட்டோட வந்து உக்காருவாங்க. எங்க நல்ல ஆட்டக்காரங்க இருக்காங்களோ அங்க கோச்சு வருவார். எங்க கோச்சு வர்றாரோ அங்க நல்ல ஆட்டக்காரங்க போவாங்க.

இது எனக்கு உடனே புரிஞ்சது. மாட்டுச் சந்தைதானே! வியாபாரி எந்தச் சந்தைக்கு வர்றானோ அங்கதான் மாட்டை ஓட்டிட்டுப் போவோம். மாடு எங்க அதிகமோ அங்கதான் வியாபாரி வருவான். பத்து மைல்ல புதுசா ஒரு சந்தை திறந்தா, அது எவ்வளவு சுத்தமா இருந்தாலும், முதல்ல யார் போறதுங்கறதுதான் பிரச்சினை. இதைப் பெருமையா சித்திகிட்ட சொன்னேன்.

"ஏன்டி, என் பொண்ணு உனக்கு மாடா?"

அஞ்சு நிமிஷம் திட்டு. ஆனா உவமையைத் தப்புன்னு சொல்லலை.

இன்னொரு விஷயம். நம்ம ஐ-லீக், ஐரோப்பிய லீக் மாதிரி ஜெயிச்சு மேல வர்றது, தோத்துக் கீழ போறது இதுல கிடையாது. லீக் எந்தக் கிளப்பைச் சேர்த்துக்குதோ அதுதான் உள்ளே. அதனால கிளப்புக்கு அந்த எழுத்துங்க சொத்து மாதிரி. +2ல படிச்சோமே நற்பெயர், கண்ணுக்குத் தெரியாத சொத்து, கையில பிடிக்க முடியாது ஆனா அதுக்கு விலை உண்டுன்னு. ஒரே மாதிரி மைதானம், ஒரே மாதிரி கோச், சட்டைக் கையில ஒட்டியிருக்கற வில்லை மட்டும் வேற. அந்த வில்லைக்குத்தான் அப்பாக்கள் ஒரு மணி நேரம் கார் ஓட்டத் தயாரா இருக்காங்க. உயர் இலாப முறைல இதை மதிப்பிடுன்னு செமஸ்டர்ல கேட்டா நான் எழுதுவேன்.

இப்போ கணக்குக்கு வர்றேன். எக்செல் திறந்து உக்காந்தேன். கிளப் கட்டணம் ரெண்டுலயும் வருஷத்துக்கு மூவாயிரம் டாலர் தாண்டுது, பெரிய வித்தியாசம் இல்லை. விமானம், ஓட்டல் தனி. இப்ப இருக்கற மைதானம் வீட்ல இருந்து 15 நிமிஷம். புதுசு 55 நிமிஷம். வாரத்துக்கு நாலு நாள், போக வர. கூடுதலா 320 நிமிஷம், அதாவது அஞ்சு மணி இருபது நிமிஷம். வருஷத்துக்கு 40 வாரம்னு வச்சா 213 மணி நேரம் கார்லயே. இந்த நேரத்துக்கு யார் சம்பளம் போடறது? சித்திதான் ஓட்டணும். அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம மஞ்சள் கலர் அடிச்சு விட்டேன்.

வரவுப் பக்கம்தான் சிரிப்பு. சித்தப்பா மனசுல முழு ஸ்காலர்ஷிப் ஓடுது. 2025 வரைக்கும் ஒரு டிவிஷன் ஒன் காலேஜ் பொண்ணுங்க டீமுக்கு அதிகபட்சம் 14 முழு ஸ்காலர்ஷிப்தான். டீம்ல இருபத்தஞ்சு முப்பது பேர் இருப்பாங்க. அந்த 14ஐப் பிச்சுப் பிச்சுப் பங்கு போடுவாங்க. 2025 ஜூன்ல ஒரு கோர்ட் சமரசம் வந்து, அதுல சேர்ந்த காலேஜ்களுக்கு 14ங்கற கணக்கு போச்சு. டீம்ல 28 பேருக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு ஆச்சு. எத்தனை பேருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், ஆனா குடுத்தே ஆகணும்னு இல்லை. ஆக, வரவுல உறுதியா போட ஒரு ரூபா கூட இல்லை. செலவுல எல்லாம் உறுதி.

சித்தப்பாவை முட்டாள்னு சொல்லிடாதீங்க. அவர் பயம் எனக்குப் புரியுது. பத்தாவது முடிஞ்ச ஜூன் 15ல இருந்துதான் காலேஜ் கோச் ஒரு பொண்ணுகிட்ட நேரடியா பேசலாம்னு விதி. அந்தத் தேதிக்கு முன்னாடியே அவங்க நோட்ல பேர் ஏறியிருக்கணும். இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. ஃபோன் அடிக்கலைன்னா 'நாமதான் தப்பான லீக்ல வச்சோம்'ங்கற நினைப்பு காலத்துக்கும் போகாது. நம்மூர்ல பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு எந்த குரூப்னு நிக்கறோமே, அதே வயசு, அதே வயித்துக் கலக்கல்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நானும் ஆடினவதான். நம்ப மாட்டீங்க, டிஃபன்ஸ். எங்க ஸ்கூல் டீம் குறுவட்டத்துல ஜெயிச்சு மாவட்ட அளவு வரைக்கும் போச்சு. புதுக்கோட்டை மைதானத்துல ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தோம். அன்னிக்கு வெயில்ல உருகின தார் மாதிரி இருந்த தரை இன்னும் பாதத்துல இருக்கு. பி.இ.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து, அரசு விளையாட்டு விடுதிக்கு விண்ணப்பம் போடுங்க, சாப்பாடு தங்கறது எல்லாம் இலவசம், பயிற்சி ஒழுங்கா கிடைக்கும்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்லயும் பஞ்சாயத்து நடந்துச்சு. அப்பா போகட்டும்னார். அம்மா, பப்ளிக் எக்ஸாம் வருது, பொம்பளப் புள்ளைய வெளியூர்ல எப்படி விடறதுன்னாங்க. நான் அடுத்த ரூம்ல கணக்கு நோட்டைத் திறந்து வச்சுட்டுக் கேட்டுட்டு இருந்தேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சது. அம்மா கட்சி ஜெயிச்சது. ஷூவைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டோம்.

அம்மா மேல கோபம் இல்லை. வந்த மார்க்லதான் இன்னிக்கு காலேஜ். ஆனா 2018ல தமிழ்நாடு பொண்ணுங்க கட்டாக்ல மணிப்பூரை 2-1னு ஜெயிச்சு முதல் முறையா தேசிய சாம்பியன் ஆனாங்க. 2019ல மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயிச்சாங்க. 2023ல மறுபடியும் தேசியப் பட்டம், ஹரியானாவை 2-1. ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல அந்த குரூப் ஃபோட்டோவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பேன். அவ்வளவுதான்.

2022 அக்டோபர்ல 17 வயசுக்குட்பட்ட பொண்ணுங்க உலகக் கோப்பை நம்ம நாட்டுல நடந்துச்சு. புவனேஸ்வர்ல முதல் மேட்ச்ல அமெரிக்கா நம்மளை 8-0ன்னு அடிச்சுது. டிவில பார்த்தப்போ அந்தப் பொண்ணுங்க எங்க இருந்து வந்தாங்கன்னு யோசிச்சேன். இப்போ தெரியுது: மடக்கு நாற்காலி, 55 நிமிஷக் கார், ராத்திரி ஒன்பது மணிச் சண்டை. நமக்குச் சண்டை போடவாவது ரெண்டு லீக் இருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

எக்செல்ல கடைசியா ஒரு வரி சேர்த்தேன்: ஒரு மேட்ச்ல எத்தனை நிமிஷம் ஆடுவா? ஜி.ஏ. பக்கம் சித்தி 'முழு மேட்ச்'னு போட்டாங்க. ஈ.சி.என்.எல். பக்கம் காலியா இருந்துச்சு. அங்க ஏற்கனவே ரெண்டு லெஃப்ட் பேக் இருக்காங்களாம். கோச், "பார்த்துக்கலாம்"னு சொல்லியிருக்கார். பெஞ்ச்ல உக்கார்ற பொண்ணை எந்தக் காலேஜ் கோச் நோட்ல எழுதுவார்னு சித்தப்பாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "அந்தப் பொண்ணுங்களோட பிராக்டிஸ் பண்ணாலே தேறிடுவா"ன்னார். அதுலயும் பாதி உண்மை இருக்கு. அதான் கஷ்டம்.

ஷீட்டை ஆன்லைன்ல மூணு பேருக்கும் பொதுவா போட்டிருந்தேன். புதன்கிழமை காலேஜ் பஸ்ல திறந்து பார்த்தா, அடில புதுசா ஒரு வரி. தங்கச்சி போட்டது. இவ்வளவு நாளா அவளை யாரும் கேக்கலைங்கறது அப்பத்தான் எனக்கே உறைச்சது, நான் உட்பட. தமிழ் எழுத வராது, அம்மா மொபைல்ல பேசிப் பேசி டைப் பண்ணியிருக்கா போல: 'என் சென்டர் பேக் கூட ஆடலாமா'. அவளோட சென்டர் பேக், எட்டு வயசுல இருந்து கூட ஆடற ஃப்ரெண்ட். ஜி.ஏ. கட்டத்துல 'ஆமா'. ஈ.சி.என்.எல். கட்டத்துல 'இல்ல'.

அன்னிக்கே சித்தப்பாகிட்ட இருந்து எனக்குத் தனியா ஒரு மெசேஜ்: "பாப்பா, இந்த வரிக்கு எத்தனை மார்க் போடறது?"

செலக்‌ஷன் அடுத்த வாரம். நான் இன்னும் பதில் அனுப்பலை.